குளிப்பாட்டியும் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி திரும்ப வருவது ஏன்?

மருந்து ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டியும் இரண்டே வாரத்தில் நாய் மறுபடி சொறிகிறதா? பூச்சி நாயின் மேல் மட்டும் இல்லை. தெள்ளு இடும் முட்டைகள் உதிர்ந்து, நாய் படுக்கும் துணியிலும் தரை இடுக்கிலும் பொரிக்கும். பொரித்த புழு கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகி மாதக்கணக்கில்கூடக் கிடக்கும். மருந்துக்கு லேசில் அசையாது.

முதலில் தெள்ளுதானா என்று பாருங்கள். வாலடி முடியைச் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த ரத்தம், தெள்ளின் எச்சம்.

சரி, மருந்து? கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவதை 3 மாதமாவது விடாதீர்கள். வீட்டிலுள்ள மற்றப் பிராணிகளுக்கும் அதனதன் மருந்து வேண்டும். படுக்கையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். அப்புறம், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம்.