சம்மனில் ‘பிரதிவாதி’ என்று போட்டால் எதிரி என்று அர்த்தமா?

கேள்வி: தாத்தா சொத்தில் பாகம் கேட்டு என் தாய்மாமா வழக்குப் போட்டிருக்கிறார். கோர்ட்டிலிருந்து வந்த சம்மனில் அம்மாவை ‘3ஆம் பிரதிவாதி’ என்று எழுதியிருக்கிறார்கள். “அப்படின்னா எதிரி, போலீஸ் வரும்” என்று ஒருவர் பயமுறுத்தி, முடித்துத்தரப் பணம் கேட்கிறார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். இது சிவில் வழக்கு, போலீஸ் வராது.

வாதி என்றால் தன் வாதத்தைச் சொல்பவர். பிரதிவாதி அதற்கு மறுமொழி சொல்பவர். வடமொழிச் சொல், அவ்வளவுதான். தமிழில் ‘எதிரி’யும் அப்படித்தான். எதிர் என்றால் முன்னால், நேருக்கு நேர். எதிர்வீட்டுக்காரரோடு நமக்கு என்ன சண்டை? எதிர்காலம், எதிர்பார்ப்பு என்கிறோமே, அவற்றில் வெறுப்பு எங்கே இருக்கிறது? பிளவைச் சொல்லும் சொல் பகைவர். அதை ‘பகு’ என்ற வேரோடு சேர்த்துச் சொல்வார்கள்.

பாகப்பிரிவினை வழக்கில் பங்கு உள்ள எல்லோரையும் சேர்த்தாக வேண்டும். விட்டுவிட்டால் வழக்கே நிற்காமல் போகலாம். அதனால் சண்டையே போடாத அக்காவும் பிரதிவாதி ஆகிவிடுவார். அம்மா தன் பங்கையும் இதே வழக்கில் கேட்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். குற்ற வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டில் ‘எதிரி’ என்றே எழுதுகிறார்கள்: முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று. அங்கே கைது, ஜாமீன் எல்லாம் உண்டு. அங்கும் அது குற்றவாளி என்று பொருள்படாது, குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. உங்களிடம் பணம் கேட்பவர் இந்த ‘எதிரி’யைத்தான் அந்தப் பிரதிவாதியின் தலையில் வைத்துப் பேசுகிறார். காகிதத்தில் எந்த வார்த்தை இருக்கிறது, எந்த நீதிமன்றம் என்று நீங்களே பாருங்கள்.

அவர் நீட்டும் எதிலும் அம்மா கையெழுத்துப் போடக் கூடாது. வெற்றுத்தாளில் கூடவே கூடாது. ‘சமரசம்’ என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பங்கு போய்விடும். அப்புறம் அதை ரத்து செய்ய இன்னொரு வழக்கு, இன்னும் பல வருஷம்.

சம்மனில் உள்ள தேதியைத் தவறவிடாதீர்கள். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். எதிருரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் தரும் பதிலை, தாக்கல் செய்யச் சம்மன் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். காரணம் சொன்னால் நீதிமன்றம் அதே நாளிலிருந்து மொத்தம் 90 நாள் வரை தரலாம். வக்கீல் வைக்கப் பணமில்லையா? 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

இந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வரி விளக்கத்தைச் சம்மனிலேயே அச்சடித்தால் என்ன? ஒரு வயதான அம்மாவின் கையில் காகிதத்தைத் திணித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அர்த்தம் சொல்லும் வேலையைத் தரகருக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்.