ஆமை ரத்தப் புழுவுக்கு எது குடும்பம்?

அன்புள்ள ஐயா,

ஒட்டுண்ணிகள் பற்றிய கட்டுரையில் நன்னீர் ஆமைகளின் ரத்தத் தட்டைப்புழுக்களை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் முதுகலை விலங்கியல் மாணவி. எங்கள் பாடத்தில் இவையெல்லாம் ‘ஸ்பைரார்க்கிடே’ என்ற ஒரே குடும்பம். புதிய ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்பில் அந்தப் பெயரைக் காணோம். குடும்பத்தைக் கலைத்துவிட்டார்களா? டி.என்.ஏ. வந்த பிறகும், புழுவை அடையாளம் காண விந்தகங்களை எண்ணிக்கொண்டிருப்பது எதற்கு? எங்கள் ஊர்க் குளத்தில் பாலாமை உண்டு. அதை வைத்து நான் ஏதாவது செய்ய முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் பாலாமையை விட்டுவிடுங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணி அது. அனுமதியில்லாமல் பிடிப்பதே குற்றம். குளத்தில் வேறு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட குடும்பத்தில் விரிசல் விழுந்து ரொம்ப நாளாயிற்று. 1921இல் ஸ்டங்கார்ட் என்ற ஒட்டுண்ணியியலாளர் அந்தக் குடும்பத்தை வகுத்தார். ஆமை ரத்தத்தில் வாழ்வது, ஒரே உடலில் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் இருப்பது என்று பார்த்தால் பொருத்தமான ஏற்பாடுதான். பறவைக்கும் பாலூட்டிக்கும் வரும் ரத்தப் புழுக்களான சிஸ்டோசோம்களில் ஆண் தனி, பெண் தனி என்பதால் அவை வேறு குடும்பம். 2004இல் ஸ்னைடர் என்ற ஆய்வாளர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது கதை மாறியது. கடலாமைப் புழுக்கள் நன்னீர் ஆமைப் புழுக்களைவிட சிஸ்டோசோம்களுக்கே நெருங்கிய உறவு. தூரத்துப் பங்காளியை ரேஷன் அட்டையில் சேர்த்துக்கொண்டு கூடப்பிறந்தவன் பெயரை அடித்த மாதிரிதான் இது. அதனால்தான் இப்போது பலர் குடும்பப் பெயரைத் தவிர்த்து, இரண்டு தரப்பையும் அடக்கும் ‘சிஸ்டோசோமாட்டாய்டியா’ என்ற பெருங்குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புதிதாகப் பிரிக்க எல்லாப் பேரினங்களின் மரபணுவும் வேண்டும். பழையவை பலவும் ஸ்லைடில் சாயமேறி, கனடா பால்சம் என்ற பிசினுக்குள் கிடப்பவை. அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது சுலபமில்லை.

உருவத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலிய நன்னீர் முதலையின் கிரிஃபோபில்ஹார்சியா என்ற ரத்தப் புழு நல்ல உதாரணம். அதிலும் ஆண் தனி, பெண் தனி. பெண் புழு முழுவதும் ஆணின் உடலுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும், அதுவும் தலைகீழாக. 1991இல் விவரித்தவர்கள் அதை சிஸ்டோசோம்களோடு சேர்த்தார்கள். மரபணுவோ அதை நன்னீர் ஆமைப் புழுக்களின் பக்கம் கொண்டுபோய் வைத்தது.

அப்படியானால் விந்தகம் எண்ணுவது வீண் என்று நினைக்க வேண்டாம். 1933இல் அலகாபாத்தில் மெஹ்ரா என்ற விலங்கியலாளர், இதே பாலாமையிலிருந்து ஒரு புழுவை விவரித்து கோயூரிட்ரீமா என்ற புதுப் பேரினத்தை உண்டாக்கினார். வயிற்றுப்பக்க ஒட்டுறுப்பு, இரண்டு விந்தகம், நடுவில் சூலகம். ஹாபலோரிங்கஸ் என்ற பேரினத்திலும் இதே அமைப்புதான். அதனால் பின்னால் வந்தவர்கள் மெஹ்ராவின் பெயரை அதற்குள் கரைத்துவிட்டார்கள். 2016இல் வியட்நாமில் பண்ணையில் வளர்த்த சீன மெல்லோட்டு ஆமைகளில் ஒரு புது இனம் கிடைத்தது. ராபர்ட்ஸும் புல்லார்டும் அதை ஆராய்ந்தபோது, உடலின் கீழ்ப்புற ஓரங்களில் சின்னச் சின்ன முகிழ்கள் இருப்பதைப் பார்த்தார்கள். ஹாபலோரிங்கஸில் அவை கிடையாது. கோயூரிட்ரீமா மறுபடி தனிப் பேரினமாயிற்று. மரபணு வரிசை இரண்டும் நெருங்கிய உறவு என்றது. எங்கே கோடு கிழிப்பது என்பதைக் காட்டியது நுண்ணோக்கிதான். உறவைச் சொல்ல டி.என்.ஏ., ஆளை அடையாளம் காட்ட உருவம் என்பது என் கட்சி.

சரி, உங்கள் குளம். இந்தப் புழுக்களின் இளம்பருவம் நன்னீர் நத்தைக்குள் வளர்கிறது. நத்தைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் தண்ணீரோடு வெளிச்சத்தில் வையுங்கள். தொற்றுள்ள நத்தை என்றால் வால் பிளந்த நுண்ணிய லார்வாக்கள் வெளியே வந்து துடித்து நீந்தும். ஆமையின் தோலைத் துளைத்து நுழைபவையும் இந்த வகைதான், மாட்டு சிஸ்டோசோமின் லார்வாவும் இந்த வகைதான். நம் குளங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் இண்டோபிளானார்பிஸ் நத்தை பின்னதைச் சுமப்பது தெரிந்த விஷயம். எது எது என்று பிரிக்க முதலில் படம் வரையுங்கள், கண்புள்ளி இருக்கிறதா, வால் எவ்வளவு தூரம் பிளந்திருக்கிறது என்று குறியுங்கள். அப்புறம் சிலவற்றை ஆல்கஹாலில் போட்டு மரபணுவுக்கு அனுப்பலாம். ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். கையுறை போடாமல் அந்தத் தண்ணீரில் கை வைக்கவும் வேண்டாம், மாட்டுப் புழுவின் லார்வா மனிதத் தோலிலும் நுழையும். உள்ளே வளராது, ஆனால் அரிப்பு நாலைந்து நாளைக்கு விடாது.