காஸ்டெலோரிசோ போகலாமா? மூன்று ராத்திரி இருந்தால் போங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஜூன் மாதம் பத்து நாள் கிரீஸ் போகத் திட்டம். நான், கணவர், 68 வயது மாமியார். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. கூட்டம் மொய்க்கும் சாண்டோரினி வேண்டாம் என்று இருக்கிறோம். காஸ்டெலோரிசோ என்ற குட்டித் தீவின் படத்தைப் பார்த்ததிலிருந்து அங்கே போக ஆசை. போய் வரத் தகுந்த இடமா? எங்கள் ஏஜென்ட், துருக்கி வழியாகப் போனால் அந்தத் தீவுக்கு ஷெங்கன் விசாவே (கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேண்டாம், இறங்கும் இடத்திலேயே கொடுத்துவிடுவார்கள் என்கிறார். இல்லையென்றால் ரோட்ஸ் தீவிலிருந்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமாம். நம்பலாமா?"

அம்மா, தீவுக்குத் தாராளமாகப் போங்கள், ஆனால் மூன்று ராத்திரி அங்கேயே தங்க முடிந்தால் மட்டும். ஒரே நாளில் போய் வருவதாக இருந்தால் வேண்டாம். விசா பற்றி ஏஜென்ட் சொன்னது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள், பின்னால் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் தீவு. ரோட்ஸிலிருந்து கிழக்கே சுமார் 125 கிலோமீட்டர். துருக்கிக் கரையோ இரண்டு கிலோமீட்டர்தான், ராத்திரியில் எதிரே காஷ் என்ற துருக்கி ஊரின் விளக்குகள் தெரியும். தீவின் பரப்பு ஒன்பது சதுர கிலோமீட்டர் சொச்சம், குடியிருப்பவர்கள் ஐந்நூறு பேர் போல. நீங்கள் படத்தில் பார்த்தது குதிரை லாடம் மாதிரி வளைந்த துறைமுகத்தையும், அதன் ஓரத்தில் மஞ்சளும் நீலமும் காவியுமாக நிற்கும் வீட்டு வரிசையையும்தான். அந்த வரிசைக்குப் பின்னால் நாலு தெரு ஏறினால் கூரையில்லாத சுவர்களும் செடி முளைத்த மனைகளும் வரும். ஒரு காலத்தில் பத்தாயிரம் பேர் இருந்த வியாபார ஊர் அது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு, ஊரைக் காலி செய்தார்கள், 1944-ல் தீப்பிடித்துப் பாதி ஊர் போய்விட்டது, ஏராளமானவர்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறிவிட்டார்கள். படத்தை மட்டும் நம்பிப் போகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்பது இதனால்தான். எனக்கு அந்த இடிந்த தெருக்கள்தான் அதிகம் பிடிக்கும், உங்களுக்கும் பிடிக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மணல் கடற்கரை கிடையாது. துறைமுகத் திட்டிலிருந்து இரும்பு ஏணி வழியாக நேராகக் கடலில் இறங்கிக் குளிப்பார்கள், இல்லையென்றால் படகில் பத்து நிமிடம் போய் அகியோஸ் யோர்யோஸ் என்ற குட்டித் தீவில் குளிப்பார்கள். மாமியாருக்கு ஏணி ஒத்துவராது. மேட்டுநிலத்துக்குப் போகும் சுமார் நானூறு படிகளும் வேண்டாம். ஆனால் துறைமுகத்தைச் சுற்றி முழுக்கச் சமதளம், நடக்க நல்ல இடம். சாயங்காலம் தண்ணீர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தால், மேசைக்குக் கீழேயே பெரிய கடலாமை தலை தூக்கி மூச்சு விட்டுவிட்டு மறுபடி முங்கும். ரொட்டி மட்டும் போடாதீர்கள், அதற்கு நல்லதல்ல.

நீலக்குகை என்று ஒன்று உண்டு, அதற்காகவே போகலாம். வாசல் தண்ணீர்மட்டத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும். படகுக்காரர் சொன்னதும் எல்லாரும் படகின் அடியில் படுத்துவிட வேண்டும், பாறை மூக்குக்கு மேலே உரசுவது போலப் போகும். உள்ளே போனதும் எழுந்து உட்கார்ந்தால் கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும், தண்ணீருக்குள்ளிருந்து வெளிச்சம் எழும்பும், கையை முக்கினால் கையே நீலமாகத் தெரியும். காலை வேளையில்தான் அப்படி. அலை கொஞ்சம் கூடினால் உள்ளே போகவே முடியாது, அன்றைக்கு விட்டால் மறுநாள். ஒருநாள் பயணம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். மாமியாரால் படகின் அடியில் படுத்து எழ முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் அவர் கரையில் காப்பியோடு இருக்கட்டும், நீங்கள் இருவரும் போய் வாருங்கள்.

இரண்டாவது காரணம் கப்பல். ரோட்ஸிலிருந்து விரைவுப் படகில் இரண்டரை மணி நேரம் போல, பெரிய கப்பலில் நாலு மணி நேரம் வரை. தினமும் கிடையாது, வாரத்தில் சில நாள்தான். நேர அட்டவணையை எப்போது வெளியிடுவார்கள் என்பதும் அவர்கள் இஷ்டம், வெளியூரிலிருந்து லீவு எழுதிக்கொடுத்து வருகிறவர்களைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. காற்று பலமானால் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ரோட்ஸிலிருந்து சின்ன விமானம் இருக்கிறது, அரை மணி நேரம் போலத்தான் ஆகும், மாமியாருக்கு அதுவே நல்லது, ஆனால் இருக்கைகள் குறைவு என்பதால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். எதில் போனாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி ரோட்ஸிலோ ஏதென்ஸிலோ இருக்கும்படி திட்டம் போடுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இப்போது விசா. ஏஜென்ட் சொன்னது முழுப்பொய்யும் இல்லை, அதனால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். 2024 மார்ச் முடிவிலிருந்து சில கிரேக்கத் தீவுகளில் இறங்கும் இடத்திலேயே ஏழு நாள் விசா கொடுக்கிறார்கள். முதலில் ஐந்து தீவுகள், பிறகு காஸ்டெலோரிசோவையும் சேர்த்தார்கள். ஆனால் அது துருக்கிக் குடிமக்களுக்கு. மறுபடி சொல்கிறேன், துருக்கியிலிருந்து வருகிற எல்லாருக்கும் இல்லை, துருக்கி நாட்டுக்காரர்களுக்கு. நீங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டோடு, துருக்கி விசா கையில் வைத்துக்கொண்டு, காஷ் துறைமுகத்தில் போய் நின்றாலும் ஷெங்கன் விசா இல்லாமல் படகில் ஏற்ற மாட்டார்கள். இந்த ஒரு விதிவிலக்கை எடுத்து எல்லாருக்கும் பொருந்தும் என்று விற்கிறவர்களிடம் வேறு எதையும் வாங்காதீர்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். உங்களிடம் ஷெங்கன் விசா இருக்கிறது, தீவில் இருக்கிறீர்கள், எதிரே துருக்கி, அரை மணி நேரப் படகு, மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம் என்று தோன்றும். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்ற இடத்தைப் பாருங்கள். 01 என்று இருந்தால், துருக்கியில் கால் வைத்த நிமிடமே உங்கள் ஷெங்கன் விசா முடிந்தது. என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த ஒரு தம்பதிக்கு இதுதான் நடந்தது. ஆன்லைனில் துருக்கி விசா எடுத்து, காலையில் போய், சாயங்காலம் திரும்பும் படகில் ஏற விடவில்லை. பெட்டிகள் தீவு ஓட்டல் அறையில், மாத்திரைகள் பெட்டியில். கடைசியில் துருக்கியிலிருந்தே புது டிக்கெட் வாங்கி ஊர் வந்தார்கள், பெட்டிகள் அப்புறம் வந்தன. அவர்களுக்கு டூர் போட்டுக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் எத்தனை முறை நுழைவு வேண்டும் என்று கேட்கும் கட்டம் இருக்கிறது, ஏஜென்ட்டுகள் உங்களைக் கேட்காமலே 'ஒருமுறை' என்று போட்டுவிடுவார்கள். படிவத்தை வாங்கி நீங்களே படித்துப் பாருங்கள். கேட்டாலும் பலமுறை நுழைவு கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. கடந்த மூன்று வருடத்தில் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் இரண்டு வருடப் பலமுறை விசாவுக்கு வழி உண்டு, 2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு அந்த ஏற்பாடு.

கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ, வயதானவர் என்று சலுகை இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், ஜூன் என்றால் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடித்துவிடுங்கள். கோடைக்கு முன்னால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் லட்சணம் எல்லாருக்கும் தெரியும். நேர்மையாகத் தேடுகிறவனுக்குத் தேதி இல்லை, தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்தால் நாளைக்கே இருக்கிறது என்கிறார்கள். வருடா வருடம் இதே கதை, யாரும் சரிசெய்வதாகத் தெரியவில்லை. தேதிக்காகத் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். போலி ஓட்டல் புக்கிங் வைத்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், மாட்டினால் நிராகரிப்பு உங்கள் பெயரில்தான் பதிவாகும்.

சாப்பாட்டுக்கு மாமியார் சைவமாக இருந்தாலும் பயமில்லை. அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, வேகவைத்த கீரை எல்லாம் கிடைக்கும், அரிசிக்குள் கறி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். மீன் சாப்பிடுவதானால் கிலோ கணக்கில் விலை, அடுப்பில் வைப்பதற்கு முன்னால் எடை போடச் சொல்லிப் பாருங்கள். போன் தானாகத் துருக்கி டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் தீட்டிவிடும், கிரேக்க நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

மூன்று ராத்திரி ஒதுக்க முடியாது என்றால் ரோட்ஸிலிருந்து கிட்டத்தில் இருக்கும் ஹால்கி தீவைப் பாருங்கள். அதே மாதிரி வர்ண வீடுகள், ஊரிலிருந்து பத்து நிமிட நடையில் போண்டமோஸ் என்ற சின்ன மணல் கடற்கரை. மாமியார் தண்ணீரில் கால் நனைக்க ஏணி இறங்க வேண்டாம்.