கணுக்கால் சுளுக்குக்குக் கரண்ட் வைத்தால் வீக்கம் வடியுமா?

கணுக்கால் பிசகி வீங்கிய காலுக்குக் கரண்ட், அதாவது மெஷின் மூலம் லேசான மின்சாரம், வைத்தால் வீக்கம் சீக்கிரம் வடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வலி கொஞ்சம் குறையலாம். வீக்கத்துக்கு அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

பிசியோதெரபியில் கரண்ட் என்பது ஒரே வகை இல்லை. டென்ஸ் (TENS) என்ற வகையை வைத்தால் தோலில் சுறுசுறுவென்று இருக்கும். அது வலி உணர்வை மட்டுப்படுத்தத்தான். தசையைச் சுருங்க வைக்கும் வகை வேறு. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது சிரைகளும் நிணநீர்க் குழாய்களும் பிழியப்பட்டு, தேங்கிய நீர் மேலே ஏறும். உயர் மின்னழுத்தத் துடிப்பு என்று இன்னொன்று. எலி, தவளைச் சோதனைகளில் வீக்கம் கூடாமல் நன்றாகவே தடுத்தது. மனிதக் கணுக்காலில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை.

சொல்லப்போனால், அந்தப் பிழியும் வேலையை மெஷின் இல்லாமலே செய்யலாம். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தூக்கி வைத்து, வலி தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். கிரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்துப்போனாலோ உடனே தளர்த்திவிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும், காலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் கரண்ட் பக்கம் போகக் கூடாது. அப்புறம், நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் பக்கத்தில் புடைத்திருக்கும் முட்டு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.