பகடை மேசை: வாசகர் கேள்விகள்

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆளுக்கொரு கேரக்டர் ஷீட் (தன் பாத்திரத்தின் விவரம் எழுதும் தாள்), பென்சில், ரப்பர் போதும். பேனா வேண்டாம், ஹிட் பாயின்ட்டை (பாத்திரத்தின் உயிர்க் கணக்கு) அடிக்கடி அழித்து எழுத வேண்டியிருக்கும். ஏழு பகடை கொண்ட ஒரே செட்டை வைத்தும் சமாளிக்கலாம். ஆனால் 20 முகப் பகடைதான் ஓயாமல் கைமாறும், அதில் மட்டும் கூடுதலாக இரண்டு வாங்கிவிடுங்கள்.

2014 பதிப்பின் விதிப்படி ஆடுகிறோம், ஆட்டத்தை நடத்துவது நான். முதல் லெவலில் நாலு பேர். எளிய எதிரி என்று நம்பி நாலு கோப்ளின்களை (குட்டிப் பூதங்கள்) இறக்கினேன். நாலு பேரும் செத்துப்போனார்கள். ஏன்?

கோப்ளின் ஒற்றையாக வந்தால் எளிதுதான். கும்பலாக வந்தால் கதை வேறு. மோதல் எவ்வளவு கடினம் என்பதை எதிரிகளின் அனுபவப் புள்ளியை வைத்துக் கணக்கிடுவார்கள். ஒரு கோப்ளினுக்கு 50 புள்ளி, நாலுக்கு 200. எதிரிகள் மூன்று முதல் ஆறு வரை இருந்தால் அதை இரண்டால் பெருக்க வேண்டும்: 400. முதல் லெவல் நால்வருக்கு 'உயிருக்கே ஆபத்து' என்று விதி வகுத்த எல்லையும் சரியாக 400தான். மூன்று கோப்ளின் என்றால் 300, கடினம். இரண்டு என்றால் ஒன்றரையால் பெருக்கி 150, எளிது. (2024 திருத்தப் பதிப்பில் இந்தப் பெருக்கல் கிடையாது. இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள்.)

எதிரி ஒன்று கூடினால் சுற்றுக்கு ஒரு தாக்குதல் கூடுகிறது. கோப்ளினின் ஓர் அடி சராசரியாக 5 ஹிட் பாயின்ட்டைக் குறைக்கும். மந்திரவாதியான விசார்டிடம் இருப்பதோ 7 அல்லது 8. இரண்டு அடியில் ஆள் காலி. முதலில் இரண்டை மட்டும் இறக்குங்கள். ஆட்டக்காரர்கள் கை ஓங்கினால் மூன்றாம் சுற்றில் இன்னொன்றை வரவிடலாம். பாதிப் பேர் விழுந்ததும் மீதி கோப்ளின்கள் ஓடட்டும், அதுதான் அவற்றுக்கு இயல்பு.

விசார்ட் தூங்கவைக்கும் ஸ்லீப் மந்திரம் வைத்திருந்தால் நிலைமையே மாறும். எட்டு முகப் பகடையை ஐந்து முறை உருட்டிக் கூட்டினால் சராசரி 22, அத்தனை ஹிட் பாயின்ட் அளவுக்கு அது தூங்கவைக்கும். ஒவ்வொன்றும் 7 பாயின்ட் உள்ள மூன்று கோப்ளின்கள் சுருண்டுவிடும். ஆனால் பாயின்ட் குறைந்தவரிடமிருந்துதான் அது தொடங்கும். அடிபட்டு 3 பாயின்ட்டில் நிற்கும் தோழர் மந்திரம் விழும் வட்டத்துக்குள் இருந்தால் முதலில் தூங்குவது அவர்தான்!

இன்னொன்று: உங்கள் ஆட்டக்காரர்கள் உண்மையிலேயே செத்தார்களா? ஹிட் பாயின்ட் பூஜ்யம் என்றால் மயக்கம்தான், சாவு அல்ல. தன் முறை வரும்போதெல்லாம் 20 முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று வெற்றி சேர்ந்தால் பிழைத்தார், மூன்று தோல்வி சேர்ந்தால் முடிந்தது. அதற்குள் யாராவது ஒரு பாயின்ட் குணப்படுத்தினாலும் எழுந்துவிடுவார். புதிய குழுக்கள் பெரும்பாலும் மறப்பது இந்த விதியைத்தான்.

ரகசியக் கதவைத் தேடி உருட்டினார்கள். யாருக்கும் தேவையான எண் விழவில்லை, ஆட்டம் நின்றுவிட்டது. என்ன செய்வது?

கதை அந்தக் கதவு வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் அதற்குப் பகடை கேட்காதீர்கள். கேட்டுவிட்டீர்களா? கதவு கிடைக்கட்டும், தாமதமாக. தேடிய சத்தத்தில் காவலர்கள் விழித்துக்கொண்டார்கள் என்று வையுங்கள். எண் விழாததற்கு அதுவே விலை.