குன்னூர் ஓவியக் காட்சியகத்தில் வருடம் முழுக்க என்னதான் காட்டுகிறார்கள்? வாங்காதவர்கள் உள்ளே போகலாமா, எப்போது போனால் நல்லது?

தாராளமாகப் போகலாம். டிக்கெட் கிடையாது. "என்ன வேணும்?" என்று யாரும் பின்னாலேயே வர மாட்டார்கள். எப்போது போவது என்பதற்கு மட்டும் என் பதில் கொஞ்சம் கோணலாக இருக்கும்: மே மாதம் வேண்டாம், ஜூலையில் போங்கள்.

குன்னூரில் பிரேம் கடை வைத்திருக்கிறேன். சாமி படம், கல்யாண போட்டோ, ரிட்டயர்மெண்ட் வாழ்த்து மடல், இதெல்லாம்தான் பிழைப்பு. கூடவே இங்குள்ள ஒரு தனியார் காட்சியகத்துக்கு பிரேம் போட்டு, சுவரில் மாட்டியும் கொடுக்கிறேன். போன வருடம் அங்கே நடந்த கண்காட்சி எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் போனது. எனக்குக் கலை விமர்சனம் தெரியாது. எது விற்றது, எது அப்படியே இறங்கி வந்தது என்பது தெரியும்.

ஏப்ரல் பாதியில் சீசன் ஆரம்பம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி, எங்கள் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, மேட்டுப்பாளையம் ரோட்டில் வண்டி நகராது. காட்சியகத்தில் அப்போது மாட்டியிருப்பது தேயிலைத் தோட்டம், மூடுபனி, தைல மரம், வளைவில் திரும்பும் மலை ரயில். எல்லாம் இரண்டடிக்குள். "டிக்கியில போற சைஸ்தான் மே மாசம் போகும்ணே" என்பார் காட்சியகத்து மேடம். சரியாகத்தான் சொல்கிறார்.

இந்த வகைப் படத்துக்கு இங்கே வயது அதிகம். ரிச்சர்ட் பாரன் என்ற ராணுவ அதிகாரி நீலகிரிக் காட்சிகளை வரைந்து 1837இல் லண்டனில் புத்தகமாகவே போட்டுவிட்டார். 1874இல் எட்வர்ட் லியர் இந்த மலைக்கு வந்து வரைந்துவிட்டுப் போனார். வெளியூர்க்காரர் எடுத்துப்போக மலையைப் படமாக்கும் வேலை அன்றைக்கே தொடங்கியாயிற்று. உள்ளூர்க்காரர் யாரும் மூடுபனிப் படம் வாங்கி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அது துணி காயாத சங்கதி.

ஆனால் அந்த மூடுபனிப் படங்களை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. இது கடை. வாடகை, கரண்ட் பில், ஈரம் உறிஞ்சும் மெஷின், உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சம்பளம், எனக்கு பிரேம் கூலி எல்லாம் இந்த ஆறு வாரத்தில் வந்தாக வேண்டும். விற்ற படத்தின் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்கள். விலையில் பாதி ஓவியருக்கு, பாதி காட்சியகத்துக்கு என்பது இந்தத் தொழிலில் பரவலான கணக்கு. தங்களுக்கு 30, 40 சதவீதம் போதும் என்று ஒத்துக்கொள்ளும் காட்சியகங்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் பாதி என்பது கொள்ளையாகத்தான் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மற்ற மாதங்களைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூன் நடுவில் பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் இறங்கிவிடும். மேற்கே கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் மழை கொட்டும், எங்களுக்குச் சாரலும் காற்றும். வாங்க ஆளில்லை என்பது தெரிந்ததால் மேடம் அப்போதுதான் தனக்குப் பிடித்ததை மாட்டுவார்.

போன ஜூலையில் மாட்டியது ஒரு இளம்பெண்ணின் வேலை. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பேத்தி. தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க ஒத்துக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம், அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பெண் வீடு வீடாகப் போய்ப் பழைய பாஸ்போர்ட்டுகளைப் படமெடுத்து, தேயிலைச் சாயம் ஏற்றிய காடாத் துணியில் பக்கம் பக்கமாக அச்சிட்டிருந்தார். ஒவ்வொன்றும் ஆள் உயரம். பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம், முத்திரை. பிரேம் வேண்டாம் என்றார், கண்ணாடியும் வேண்டாம் என்றார். எனக்கு வருமானம் போனது, ஆனால் அவர் சொன்னது சரி. துணியைத் துணியாகவே மூங்கிலில் தொங்கவிட்டோம். கதவைத் திறந்தால் எல்லா முகமும் அசையும்.

அந்த மாதம்தான் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் உள்ளே வந்தார்கள். வேலை முடிந்து அப்படியே வந்த பெண்கள் பதுளை, ஹட்டன், நுவரெலியா என்று ஊர்ப்பெயர்களை விரலை வைத்துப் படித்தார்கள். ஒரு ஆயா நேராக அந்தப் பெண்ணிடம் போய், "ஏம்மா, இதையெல்லாம் யாரு வெல கொடுத்து வாங்குவா?" என்றார். யாரும் வாங்க மாட்டார்கள் என்று அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்ப எதுக்கு வெல எழுதியிருக்க?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. எனக்கும் தெரியவில்லை. விலைப்பட்டியல் கடைசி நாள் வரை மேசையில் இருந்தது, சிவப்புப் பொட்டுத் தாளைப் பிரிக்கவே இல்லை. அந்த வருடத்தில் நான் மாட்டியதிலேயே நல்ல கண்காட்சி அதுதான். அதற்கான வாடகையைக் கொடுத்தது மே மாதத்து மூடுபனி.

செப்டம்பரில் இரண்டாவது சீசன். இந்த முறை நீலகிரிப் பழங்குடியான ஆலு குரும்பரின் ஓவியங்கள். கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றன, அவை தங்கள் முன்னோர் எழுதியவை என்பது ஆலு குரும்பர்கள் சொல்வது. இன்றைக்கு அவர்கள் காகிதத்திலும் துணியிலும் வரைகிறார்கள். வேங்கைப் பிசின், இலைச்சாறு, மண் இவைதான் நிறம். தேன் எடுப்பது, ராகி விதைப்பது, கோயில் என்று வாழ்க்கைக் காட்சிகள், குச்சி குச்சியான உருவங்கள். ஊட்டிக் கடைகளில் இதே ஓவியத்தை 'பழங்குடி ஆர்ட்' என்று மட்டும் எழுதி விற்பதைப் பார்த்திருப்பீர்கள், வரைந்தவர் பெயர் இருக்காது. காட்சியகத்தில் பெயர் போட்டார்கள், சென்னை ஓவியருக்கு எழுதும் அதே வகைச் சீட்டில். விலையும் அதற்கேற்ப. ஒரு வாடிக்கையாளர் "குரும்பர் படத்துக்கா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்து அறையில் அதைவிட அதிக விலைக்கு அக்ரிலிக் ஒன்றை வாங்கிப் போனார். அவருக்கும் நான்தான் பேக் செய்து கொடுத்தேன்.

பழங்குடிக் கலைக்குச் சந்தை இல்லை என்பதும் பொய். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடிக் குச்சியில் ஆளுயரத்துக்கு மேல் செய்த யானைகள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்கச் சுற்றுப்பயணமே போயின. காட்டைக் கெடுக்கும் களைச்செடியை வெட்டி எடுத்துச் செய்த யானைக்கு அங்கே வாங்க ஆள் இருக்கிறது.

நவம்பர், டிசம்பர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்களுக்கு உண்மையான மழை அப்போதுதான். ரோட்டில் மண் சரியும், ரயில் நிற்கும், காகிதம் பிரேமுக்குள்ளேயே அலை அலையாக நெளியும், பின் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு பங்களாக்காரர்கள் வருவார்கள் என்று, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னைப் பக்கம் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த பழைய ஓவியர்களின் கோட்டோவியங்களை வாடிக்கையாளர் சிலரிடம் வாங்கி வைத்தார்கள். பெரிய பெயர்கள், சின்னச் சின்னத் தாள்கள். விற்றது. எனக்கு அலுப்பாக இருந்தது. ஜனவரி, பிப்ரவரி உறைபனியில் கல்லூரி மாணவர்களின் கூட்டுக் கண்காட்சி, பிறகு மார்ச்சில் வெள்ளையடிப்பு.

வாங்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தால் சில விஷயங்கள். விலைப்பட்டியல் கேட்பதில் கூச்சம் வேண்டாம், கேட்டால்தான் தருவார்கள். கையால் வரைந்த ஓவியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பில்லைப் பாருங்கள். படம் உங்களுடையதானாலும் பதிப்புரிமை ஓவியருடையதுதான், அதை காலண்டராக அடித்து விநியோகிக்க முடியாது. இன்னொன்று, பின்னாளில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் ஓவியருக்கும் பங்கு உண்டு என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. என் கடைக்கு வரும் ஓவியர்கள் பலருக்கே இது தெரியாது.

கையில் பணம் குறைவு என்றால் எச்சிங் (அமிலத்தால் அரித்த உலோகத் தகட்டிலிருந்து எடுப்பது), லினோகட் (செதுக்கிய லினோலியம் ஷீட்டிலிருந்து எடுப்பது) போன்ற அச்சு ஓவியங்களைக் கேளுங்கள். அடியில் பென்சிலால் 7/25 என்பதுபோல் எழுதி, கையெழுத்தும் இருக்கும். மொத்தம் 25 பிரதி, இது ஏழாவது என்று கணக்கு. கம்ப்யூட்டரில் எடுத்த பிரிண்ட்டை இதே விலைக்குச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

கடைசியாக, என் தொழிலுக்கு விரோதமாக ஒன்று சொல்கிறேன். படத்தை பிரேம் இல்லாமல் சுருட்டி வாங்கிக்கொண்டு போய், மதுரையோ சென்னையோ, உங்கள் ஊரிலேயே பிரேம் போடுங்கள். இங்கே ஈரத்தில் கிடந்த மரம் கீழே இறங்கியதும் காய்ந்து சுருங்கும், நாலு மூலையும் விரியும். அப்புறம் என்னைத் திட்டுவீர்கள்.