இராமநாதபுரம் முதல் அரிச்சல்முனை வரை நடை: மே மாதம் வேண்டாம்

வணக்கம். தங்கள் தாயாரை இறுதி நாள்களில் பேணிய வலிதணிப்புச் சிகிச்சை இல்லத்துக்கு நிதி திரட்ட, மே மாதத்தில் இராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ஒரே நாளில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைக் கத்திரி வெயிலில் தயவுசெய்து முயலாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரிப் பிற்பகுதியில், முதல் நாள் இரவு மண்டபம் ஊரில் தங்கி, மறுநாள் விடியலில் பாம்பன் பாலத்தைக் கடக்குமாறு திட்டமிடுங்கள். தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள முகுந்தராயர் சத்திரம் ஊரைத் தாண்டினால் நிழல் அரிது. சாலையில் காற்று வாரியிறைக்கும் மணல் காலணிக்குள் புகுந்து, வியர்வையோடு உரசிக் கொப்புளமாக்கிவிடும் என்பதால் மாற்றுக் காலுறைகள் அவசியம் (எனக்கு மூன்று சோடி தேவைப்பட்டன). நன்கொடைகளை இல்லத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை கிடைக்காது.